நல்ல செய்தி சொன்னால் முகம் வாடும் தோழி

மேடம், எனக்கு 27 வயது. கல்லூரியிலிருந்தே நானும் என் தோழியும் சேர்ந்துதான் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறோம். நூலகத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. குரூப் 4 ரிசல்ட்டில் என் நம்பர் வந்தது, அவள் நம்பர் வரவில்லை. போனில் சொன்னதும், "அது பத்தாங்கிளாஸ் தரப் பரீட்சைதானே, குரூப் 2 பாஸ் பண்ணு பார்க்கலாம்" என்றாள். மறுநாள் எல்லோர் முன்னாலும், "இவளுக்கு லக்" என்று சிரித்தாள். அப்புறம் பார்த்தால், ஓர் இலவச மாதிரித் தேர்வில் சேர்ந்திருக்கிறாள். என்னிடம் மூச்சு விடவில்லை. என் நோட்ஸ் முழுக்க அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ராத்திரியெல்லாம் கண்விழித்தவளும் அவள்தான். இவள் உண்மையான தோழியா? நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா?

- பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் அதிகமாக யோசிக்கவில்லை. அந்தப் பேச்சு யாருக்கும் வலிக்கும். ஆனாலும் இப்போதே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் டெஸரும் சக ஆய்வாளரும் 1980-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் அடுத்தவருக்குக் குறிப்பு கொடுத்து உதவ வேண்டும். வெறும் விளையாட்டு என்றபோது நண்பருக்குச் சுலபமான குறிப்புகள் கிடைத்தன. முக்கியமான திறமையை அளக்கிறோம் என்றதும், நண்பரைவிட முன்பின் தெரியாதவருக்கே அதிக உதவி போனது! நாம் உயிரைக் கொடுத்துப் படிக்கும் ஒன்றில் பக்கத்து நாற்காலிக்காரர் முந்தும்போதுதான் அதிகம் சுடும். ஆஸ்பத்திரியில் அந்தப் போட்டி இல்லை. அங்கே உங்களோடு விழித்திருந்தவர் நடிக்கவில்லை என்றே நம்புகிறேன்.

பொறாமை யாருக்கும் வரும். வந்த பிறகு என்ன செய்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். ரிசல்ட் அன்று பேச்சு வராமல் போய், நாலு நாள் கழித்தாவது "கவுன்சிலிங் எப்போ, எந்த டிபார்ட்மெண்ட் எடுக்கப்போற?" என்று கேட்பவரை விட்டுவிடாதீர்கள். "உன் மெயின்ஸ் விடை வளவளன்னு இருக்கு" என்று தனியாக முகத்துக்கு நேரே சொல்பவரும் உங்கள் பக்கம்தான். நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுவதும், உங்களுடையதை வாங்கிக்கொண்டு தன்னுடையதை ஒளிப்பதும் வாடிக்கையாகிவிட்டால், அந்த உறவு உங்களை அரித்துக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் டீ குடிக்கப் போகும்போது தனியாகச் சொல்லுங்கள்: "எல்லார் முன்னாடியும் லக்குன்னு சொன்னது கஷ்டமா இருந்துச்சுடி." மாதிரித் தேர்வு பற்றியும் கேளுங்கள். அவர் அழலாம், பேசாமல் இருக்கலாம். அதற்கு அவகாசம் கொடுங்கள். "உனக்கு எல்லாமே பெரிசு" என்று உங்கள் மீதே திருப்பினால், அதன்பின் மார்க், நோட்ஸ், ரிசல்ட் எதையும் அவரிடம் பேசாதீர்கள். படிக்கும் இடத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பார்க்க வந்தால் வரட்டும், பேசிச் சிரியுங்கள். எல்லா நட்பையும் முறித்துத்தான் விலக வேண்டும் என்றில்லை.

இதனால் தூக்கமோ படிப்போ கெட ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மனஸ் என்ற மனநல ஆலோசனைச் சேவை, இலவசம், தமிழிலேயே பேசலாம்.