வாசகர் கேள்விகள்: வகுப்பறைக்குள் வலைப்பூ

கேள்வி: நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. மாணவர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியே வலைப்பூ (பிளாக்) தொடங்கச் சொன்னேன். முதல் மாதம் ஆர்வத்தோடு எழுதியவர்கள் இப்போது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நோட்டில் எழுதுவதையே கணினியில் எழுத வைப்பதால் என்ன பயன் என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

பதில்: அவர்கள் கேட்பது நியாயம்தான். யாரும் படிக்காத வலைப்பூ நோட்டைவிட மோசம். நோட்டையாவது நீங்கள் திருத்திக் கொடுப்பீர்கள். நாற்பது வலைப்பூக்களைப் படிக்க உங்களுக்கும் நேரம் கிடையாது, மாணவர்களுக்கும் பொறுமை கிடையாது. ஆகவே அவற்றை மூடிவிட்டு, வகுப்புக்கென ஒரே வலைப்பூவைத் தொடங்குங்கள். வாரத்துக்கு நான்கைந்து பேர் முறைவைத்து எழுதட்டும்; மற்றவர்கள் பின்னூட்டம் இடட்டும்.

உண்மையில் பின்னூட்டத்தில்தான் பாடம் நடக்கிறது. "தட்டில் வைத்த தண்ணீர் ஆவியாகிவிட்டது" என்று ஒரு மாணவன் எழுத, அதன்கீழ் பத்துப் பேர் "சூப்பர்" என்று போட்டுவிட்டுப் போனால் யாரும் எதையும் கற்கவில்லை. "வெயிலில் வைத்தாயா, நிழலிலா? எவ்வளவு தண்ணீர்? எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்று ஒருத்தி கேட்டுவிட்டாலோ, அவன் மறுபடியும் தண்ணீரை அளந்து இரண்டு தட்டுகளில் ஊற்றி, ஒன்றை வெயிலிலும் மற்றதை நிழலிலும் வைத்து, மணி பார்த்துக் குறித்தாக வேண்டும். அதையே நீங்கள் சிவப்பு மையில் கேட்டிருந்தால், மதிப்பெண்ணுக்காக ஒரு வரியைச் சேர்த்துவிட்டு நகர்ந்திருப்பான். ஒவ்வொரு பின்னூட்டத்திலும் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்; அது போதும்.

இந்த எண்ணம் இணையத்துக்கும் மூத்தது. பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே 1920-களிலேயே வகுப்பறைக்குள் சிறிய அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து, மாணவர்கள் எழுதியதற்கு அவர்களையே அச்செழுத்துக் கோக்க வைத்து, அப்படி அச்சான தாள்களை வேறு பள்ளிகளின் பிள்ளைகளுக்கு அனுப்பச் செய்தார். வலைப்பூ நடத்த உதவும் பிளாகர் 1999-இலும் வேர்ட்பிரஸ் 2003-இலும் வந்தபின் எழுத்துக் கோக்கும் வேலை மிச்சமாயிற்று. படிப்பதற்கு ஆள் சேர்க்கும் வேலை இன்றைக்கும் ஆசிரியர் தலையில்தான்.

மதிப்பெண் பற்றி ஒரு சொல். வேர்ட்பிரஸ் ஒரு பதிவின் பழைய வடிவங்களையும் சேமித்து வைக்கும். முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்த்து, இடையில் நேர்ந்த மாற்றத்துக்கு மதிப்பெண் கொடுங்கள். எழுத்துப்பிழைக்கெல்லாம் மதிப்பெண்ணைக் குறைக்கத் தொடங்கினால் (கை துறுதுறுக்கும், தெரியும்) மறுபடியும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: என் பத்து வயது மகளின் வகுப்பிலும் வலைப்பூ தொடங்கப் போகிறார்களாம். அனுமதிக்கலாமா?

பதில்: அனுமதிக்கலாம், சில ஏற்பாடுகளைக் கேட்டறிந்த பிறகு. முழுப் பெயர், முகம் தெரியும் படம், சீருடையில் உள்ள பள்ளிச் சின்னம் ஆகியவை வெளிவரக் கூடாது, புனைபெயர் போதும். பிளாகரில், அழைக்கப்பட்டவர்கள் மட்டுமே படிக்கும்படி அமைக்க வழி உண்டு; பின்னூட்டங்களையும் ஆசிரியர் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடலாம். கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்கப் பல நாடுகளில் 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பதால், உங்கள் மகள் எழுதித் தருவதை ஆசிரியர் தம் கணக்கிலிருந்து பதிவேற்றுவதே முறை. ஆண்டு முடிந்தபின் அந்தப் பதிவுகள் யார் பொறுப்பில் இருக்கும், எப்போது அழிக்கப்படும் என்பதையும் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.