ஆழமில்லாத கடலோர ஏரியில் வண்டல் கிளம்புவதைக் கணிக்க நீரோட்ட வேகம் மட்டும் போதுமா?

போதாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வடக்கே செயின்ட் லூசியா ஏரிக்குச் சென்று தண்ணீர் எடுத்துச் சோதிக்கும் வேலையில் பல மாதங்கள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அங்கே சேற்றைக் கிளப்புவது பெரும்பாலும் காற்று எழுப்பும் அலைதான். காற்றில்லாத காலையில் கயிற்றில் கட்டி இறக்கிய வெள்ளைத் தட்டு ஒரு முழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. வடகிழக்குக் காற்று பிடித்த பிறகு ஒரு சாண் இறங்குவதற்குள் மறைந்துபோனது.

அந்த ஏரியின் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டர். 40 செ.மீ. உயரமும் 2 வினாடி அலைவு நேரமும் கொண்ட ஓர் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2 மீட்டர் ஆழத்தில் அது அடித்தரை நீரை வினாடிக்குச் சுமார் 16 செ.மீ. வேகத்தில் அசைக்கும், 1 மீட்டர் ஆழத்தில் அதே அலை 41 செ.மீ. வேகத்தில் அசைக்கும். தரையைத் தேய்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், உராய்வுக் கெழு மாறாதென்று கொண்டால், ஆழம் பாதியாகும்போது விசை ஆறு மடங்குக்கும் மேலாகிறது. மிகவும் ஆழம் குறைந்த இடத்தில் அலையே வளர முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2002இல் தொடங்கிய நீண்ட வறட்சியில் இந்த ஏரியின் படுகை பெருமளவு வறண்டது. ஆகவே நீர்மட்டத்தை மாறாத எண்ணாக வைக்கும் கணிப்பு மாதிரியை நான் நம்பமாட்டேன்.

கணிப்பு மாதிரிக்குக் காற்றின் தினசரிச் சராசரியைக் கொடுக்காதீர்கள், பிற்பகல் வேகம் அதில் கரைந்துவிடும். மணிக்கணக்கான அளவீடு வேண்டும். கிளம்பிய 10 மைக்ரான் வண்டல் 1 மீட்டர் இறங்கச் சுமார் 3 மணி நேரமும், 2 மைக்ரான் களிமண் ஏறத்தாழ 3 நாளும் எடுக்கும் என்பதால், நேற்றைய காற்றும் இன்றைய கலங்கலில் இருக்கிறது. உப்பு கூடினால் களிமண் திரண்டு விரைவாகப் படியும். செயின்ட் லூசியாவில் உப்பு நன்னீர் அளவிலிருந்து கடலை மிஞ்சும் அளவு வரை மாறுவதால், படியும் வேகத்துக்கு ஒரே எண் பொருந்தாது.

வண்டலின் வரத்தையும் விட்டுவிடாதீர்கள். ஊம்ஃபொலோசி ஆற்றுச் சதுப்பின் நீரைக் கரும்புக்காக வடித்த பின் வண்டல் தடையின்றி ஏரியின் முகத்துவாரத்துக்கு வந்தது. அதைத் தடுக்க 1952இல் ஆற்றையே ஏரியிலிருந்து பிரித்தார்கள், அதனால் ஏரிக்கு நன்னீரும் குறைந்தது. கரும்புக் காட்டு வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழியில் பிறந்த எனக்கு அந்த வரத்து வெறும் உள்ளீடாகத் தோன்றுவதில்லை.

கடைசியாக, சேறு கிளம்பத் தேவையான குறைந்தபட்ச விசையை நூலிலிருந்து எடுக்காமல், கலங்கல்மானியை நீரில் வைத்து, ஒரு காற்று எழுந்து அடங்கித் தண்ணீர் தெளியும் வரை பதிவு செய்து, அதிலிருந்து பெறுங்கள்.