யூகோஸ்லாவியா உடைந்ததற்கு மதச்சண்டைதான் காரணமா?

மதமும் ஒரு காரணம்தான், ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான் கிடைக்கும். யூகோஸ்லாவியா என்பது தென்கிழக்கு ஐரோப்பாவில் ஆறு குடியரசுகள் சேர்ந்திருந்த கூட்டாட்சி நாடு. அங்கே செர்பியர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர், குரோஷியர் கத்தோலிக்கர், போஸ்னியாக்கள் முஸ்லிம்கள். மூவரும் பேசுவது ஏறக்குறைய ஒரே மொழி. போஸ்னிய சிகரெட் பெட்டியில் 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கை மூன்று 'மொழி'களில் இருக்கும்: இரண்டு எழுத்துக்கு எழுத்து ஒன்றே, மூன்றாவது அதே வரி, ரஷ்ய மொழி போல சிரிலிக் எழுத்தில்!

சரி, அப்புறம் ஏன் அடித்துக்கொண்டார்கள்? 1980-ல் நாட்டை நெடுங்காலம் ஆண்ட அதிபர் டிட்டோ இறந்தார். வெளிக்கடன் கழுத்தை நெரித்தது, விலைவாசி எகிறியது. வசதியான ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் 'எங்கள் பணம் ஏன் தெற்கே போகிறது?' என்று முணுமுணுத்தன. செர்பியாவில் அரசியல் தலைவர் மிலோசெவிச் இனப்பெருமையை ஏணியாக்கி ஏறினார். 1989-ல் செர்பியாவுக்குள் இருந்த கொசோவோ மாகாணத்தின் தன்னாட்சியைப் பறித்தார். 'நாளை நமக்கும் இதுதான்' என்று மற்ற குடியரசுகள் மிரண்டது அங்கேதான் என்பது என் கணிப்பு.

1991 ஜூன் 25 அன்று ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலை அறிவித்தன. செர்பியர் மிகக் குறைவான ஸ்லோவேனியா பத்தே நாள் சண்டையோடு தப்பியது. மூவரும் ஒரே தெருவில் கலந்து வாழ்ந்த போஸ்னியாவுக்குத்தான் பேரடி. 1995 ஜூலையில் அங்குள்ள ஸ்ரெப்ரெனிட்சா நகரில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களையும் சிறுவர்களையும் போஸ்னிய செர்பியப் படை கொன்றது.