வாசகர் கேள்வி – பதில்: சாவி கொடுத்த பிறகு யார் வருவார்?

இந்த முறை வந்த கடிதங்களில் மூன்று வீட்டைப் பற்றியவை. முப்பது வருடம் ரசமட்டமும் தூக்குக்குண்டுமாகத் திருகோணமலை மாவட்டம் முழுவதும் அலைந்த தொழில்நுட்ப உத்தியோகத்தன் நான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். கட்டோடு தூக்கி என்னிடம் தந்துவிட்டார்.

கேள்வி: ஐயா, என் அக்கா அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், தேவாலயங்கள் தொடங்கிய ஓர் அமைப்பின் மாடிக் கட்டடத்தில் தனியாக இருக்கிறார். வருமானத்தில் 30 சதவீதம்தான் வாடகையாம். கீழ்மாடியில் ஓர் அலுவலர் இருந்து, வைத்தியசாலைக் கடிதம் முதல் மின்கட்டணம் வரை பார்த்துக் கொடுக்கிறாராம். எங்கள் கோவிலுக்குப் பக்கத்தில் அரை ஏக்கர் காணி சும்மா கிடக்கிறது. தனித்துப்போன முதியவர்களுக்கும் கணவனை இழந்த பெண்களுக்கும் அதில் பத்துச் சிறு வீடுகள் கட்டலாம் என்று பரிபாலன சபையில் பேசுகிறார்கள். எங்களால் முடியுமா?
– வாசகி, அன்புவழிபுரம்

பதில்: முடியும் தங்கச்சி. ஆனால் அக்காவின் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்லாமல் நான் தலையாட்டினால் அது ஏமாற்று.

அங்கே உண்டியல் பணத்தில் மாடி எழும்பவில்லை. 1959ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தில் 202ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. முதியோருக்கு வீடு கட்டும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு மத்திய அரசு அதன்கீழ் பணம் தருகிறது. முதலில் கடனாகத்தான் கொடுத்தார்கள். 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதை மாற்றினார்கள். 62 வயது நிறைந்த, மிகக் குறைந்த வருமானமுள்ள முதியோரையே 40 வருடம் குடியிருத்தினால், வாங்கிய பணத்தில் ஒரு சதமும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. குடியிருப்பவர் கொடுக்கும் 30 சதவீதத்துக்கும் கட்டடத்தை நடத்த ஆகும் செலவுக்கும் இடையில் விழும் துண்டையும் அரசு நிரப்புகிறது. கோவிலோ தேவாலயமோ கொண்டுவருவது காணி, நல்ல பெயர், இடையில் விட்டுவிட்டுப் போகாத ஆட்கள். ஒஹாயோவில் நான்கு பிரெஸ்பிடேரியன் கிறிஸ்தவ சபைகள் கூடி 1961இல் தொடங்கிய வீட்டு அமைப்பும், ஒமாஹா நகரில் மெர்சி கன்னியாஸ்திரிகள் 1981இல் தொடங்கிய அமைப்பும் அரசாங்கப் பணத்தோடு சேர்ந்து வளர்ந்தவைதான். கலிபோர்னியாவில் 2023இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். மத நிறுவனங்கள் தங்கள் காணியில் குறைந்த வருமானக்காரருக்கு வீடு கட்டினால் நிலப் பயன்பாட்டு அனுமதிக்காக வருடக்கணக்கில் இழுபட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார் நிற்கும் வெறுங்காணி அங்கே எவ்வளவோ கிடக்கிறது.

இவற்றில் எனக்குப் பொறாமையாக இருப்பது கீழ்மாடி அலுவலர்தான். அவருடைய சம்பளத்தைக் கட்டடத்தின் நடைமுறைச் செலவுக் கணக்கில் ஓர் இனமாகவே எழுத முடிகிறது. கூரைக்கும் குழாய்க்கும் ஒதுக்குவதுபோல அவருக்கும் ஒதுக்குகிறார்கள்.

ஏன் பொறாமை என்று சொல்கிறேன். சுனாமிக்கு அடுத்த வருடம் நிலாவெளிப் பக்கம் ஒரு தேவாலய அமைப்பின் வீட்டுத் திட்டத்தில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அப்போது விதி. தெற்கில் 100 மீற்றர்தான். அந்தக் கதையை இன்னொரு நாள் பேசலாம். ஆகவே வீதிக்கு மேற்கே பற்றை வெட்டி 36 வீடுகள் கட்டினோம். குடிவந்த மூன்றாம் மாதம் பரிசோதனைக்குப் போனால், ஒருவர் முன் விறாந்தையில் படகு எஞ்சினை ஏற்றி வைத்திருக்கிறார். அறை நிறைய வலை. பிள்ளைகள் குசினியில் படுக்கிறார்கள். ‘வீடு உரிய முறையில் பயன்படுத்தப்படவில்லை’ என்று அறிக்கை எழுதினேன். எழுதிய கை இன்றைக்கும் கூசுகிறது. எஞ்சினைக் கரையில் விட்டால் விடியும்போது இருக்காது. அந்த மனிதரைக் கடலிலிருந்து தூக்கிவந்து வைத்த நாங்கள், அவருடைய எஞ்சினுக்கு ஒரு சாய்ப்புக்கூட வரைந்திருக்கவில்லை.

இதை எனக்கு விளக்கியவர் வியாழக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து இறங்கும் ஓர் அருட்சகோதரி. கையில் மாட்டுத்தாள் உறை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கும். வீட்டு இலக்கத்துக்கு ஒரு பக்கம். ஒருநாள் வாங்கிப் பார்த்தேன். 7: தாய்க்கு கிளினிக், பஸ் காசு இல்லை. 12: மகன் மூன்று கிழமையாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. 19: மின்கட்டணம் இரண்டு மாதம் நிலுவை. 23: பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கடலோடு போய்விட்டது, கச்சேரிக்குக் கூட்டிப்போக வேண்டும். 31: மாலையில் அடுப்புப் புகை இல்லை.

அந்தக் கடைசி வரியில் நின்றுவிட்டேன். அதே 31ஆம் இலக்கக் கூரையை அன்று காலைதான் நானும் அண்ணாந்து பார்த்திருந்தேன், ஓடு விலகியிருக்கிறதா என்று.

திறப்புவிழா நடந்தது, நாடா வெட்டினார்கள், பெயர்ப்பலகை நட்டார்கள். ஆறு மாதத்தில் சிஸ்டரின் பயணச் செலவை நிறுத்தினார்கள். கட்டுமானம் முடிந்துவிட்டதாம். பிறகு பொதுக்கிணற்று மோட்டார் எரிந்தபோது வீட்டுக்கு 150 ரூபா சேர்க்க ஆள் இல்லை. தண்ணீர்ச் சண்டையில் இரண்டு தெரு பேச்சை நிறுத்தின. சிலர் கரையோரக் கொட்டிலுக்கே திரும்பினார்கள். சில வருடம் கழித்து அந்த வழியால் போனபோது 11 வீடுகள் பூட்டிக் கிடந்தன. சுவரில் ஒரு வெடிப்பு இல்லை. நன்றாகக் கட்டியிருந்தோம் என்பதுதான் என்னை உறுத்தியது.

ஆகவே சபையில் பத்து வீடு என்று பேசினால், நீங்கள் எழுந்து ஆறு என்று சொல்லுங்கள். மீதிப் பணம் நிலையான வைப்பில் கிடக்கட்டும். அதன் வட்டியில், கொப்பியோடு வீடு வீடாகப் போகும் ஒரு பெண்ணுக்குப் பகுதிநேரச் சம்பளம் கொடுக்கலாம். வட்டி போதாது என்பார்கள், உண்மைதான். உங்கள் கோவிலில் கொடியேற்றத்துக்கு உபயகாரர் இருக்கிறார், மேளத்துக்கு இருக்கிறார், தேருக்குப் போட்டியே நடக்கும். இந்தச் சம்பளத்துக்கும் மாதம் ஓர் உபயம் வையுங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு பேர் கிடைக்கமாட்டார்களா? கட்டடத்துக்குக் காசு கேட்டால் கனடாவிலிருந்துகூட வரும், பெயரைக் கல்லில் வெட்டலாம் அல்லவா. சம்பளத்தில் பெயர் வெட்ட இடமில்லை. அதனால் அதை முதலில் சேர்த்துவிட்டு அத்திவாரக் கல்லை வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நொத்தாரிசிடம் காட்டுங்கள். உள்ளூராட்சி சபையின் கட்டட அனுமதி இல்லாமல் ஒரு கல்லும் இறக்க வேண்டாம். குடியிருப்பவரைத் தெரிவுசெய்யும் குழுவில் கிராம உத்தியோகத்தரும் சபைக்கு வெளியே ஒருவரும் இருக்கட்டும். தலைவரின் சித்தி முதல் வீட்டில் குடியேறினால் அடுத்த கூட்டத்துக்கு ஊர் வராது. வாசலில் படி வேண்டாம், சாய்தளம் போடுங்கள். கழிவறை வீட்டோடு சேர்ந்து இருக்கட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரத்துக்குக் கீழே கிழவிகளைப் படுக்கவைக்காதீர்கள், ஓடு போடுங்கள்.

கேள்வி: பெர்மிட் (அரச அனுமதிப்பத்திர) காணியில் எங்களுக்கு உதவி வீடு கட்டித் தந்தார்கள். மகளின் திருமணச் செலவுக்கு அதை விற்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: பெர்மிட் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்ததென்றால், எழுத்திலான அரச சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. பிரதேச செயலகத்தில் காணி உத்தியோகத்தரைப் பாருங்கள். வெள்ளைத்தாளில் எழுதி முத்திரை ஒட்டி விற்கும் பழக்கம் உங்கள் பக்கம் உண்டு என்று எனக்குத் தெரியும். அது செல்லாது. வாங்குகிறவரும் யாரோ ஒருவருடைய பிள்ளைதான்.

கேள்வி: நாங்கள் சைவம். கிறிஸ்தவ அமைப்பு ஒன்று கட்டிக் கொடுத்த வீட்டில் இருக்கிறோம். சாமிப்படம் மாட்டினால் வீட்டைத் திருப்பி எடுத்துவிடுவார்கள் என்று மாமி பயப்படுகிறார். படங்கள் இன்னும் பெட்டிக்குள் இருக்கின்றன.
– வாசகி, ஈச்சிலம்பற்று

பதில்: இன்றைக்கே வெளியே எடுத்து மாட்டுங்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தைக் கோவை இருக்கிறது. உதவி பெறுபவரின் மதத்தைப் பார்க்கக்கூடாது, உதவியை மதக் கொள்கை பரப்பப் பயன்படுத்தக்கூடாது என்று அது சொல்கிறது. தேவாலய அமைப்புகள் பலவும் அதை ஏற்றவை. ஜெபத்துக்கு வந்தால்தான் வீடு என்று உங்களிடம் யாராவது சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு பிரதேச செயலாளரிடம் போங்கள். எழுத்தில் தரமாட்டார்கள், அத்தோடு பேச்சும் நின்றுவிடும்.

மேலே சொன்ன 36 வீடுகளிலும் ஈசான மூலைச் சுவரில் ஒரு சிறு மாடம் இருக்கிறது. வரைபடத்தில் அது இல்லை. மேசனிடம் தனியாகச் சொல்லி வைக்கச் செய்தவர் அந்தக் கொப்பிச் சிஸ்டர்தான். அங்குமிங்கும் ஓடிப்போய் அதை மறிக்கப் பார்த்தவன் நான், ஒரு வீட்டுக்கு எத்தனை கல் என்று எனக்குக் கணக்கு. கடைசியாகப் பார்த்தபோது ஒரு வீட்டு மாடத்தில் பிள்ளையார் இருந்தார், பக்கத்து வீட்டில் மாதா சொரூபம், மூன்றாவது வீட்டில் கைத்தொலைபேசி சார்ஜில் கிடந்தது. மாமியிடம் சொல்லுங்கள்.