கடல்நீர் மீன்தொட்டியில் ஒளிந்துகொண்டு மீன்களைத் தின்னும் புழுவை எப்படிப் பிடிப்பது? தொட்டியையே கலைக்க வேண்டுமா?

கலைக்க வேண்டாம். யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "எல்லாத்தையும் வெளியே எடு, கல்லை மாத்து, புதுசா ஆரம்பி" என்பதுதான். சொல்பவர்களுக்கு என்ன, கல்லும் காசும் நம்முடையது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. புழு வெளியே வந்தது, தொட்டி இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

உங்கள் நிலைமையை ஊகிக்க முடிகிறது. சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீடு, வரவேற்பறையில் இரண்டடியோ மூன்றடியோ ஒரு தொட்டி, தண்ணீரை 25, 26 டிகிரியில் வைக்க ஒரு சில்லர், மாதாமாதம் மின்கட்டணம் வரும்போது வீட்டில் ஒரு பேச்சு. காலையில் எழுந்து எண்ணினால் ஒரு மீன் குறைகிறது. எலும்புகூடக் கிடைப்பதில்லை. சரிதானே?

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காணுங்கள். இரண்டு பக்கமும் வெள்ளை முடிக்கற்றை நீட்டிக்கொண்டு இளஞ்சிவப்பாக ஊர்வது பெரும்பாலும் சாதாரண பிரிசல் வோர்ம். மிச்ச உணவையும் செத்ததையும் தின்று தொட்டியைச் சுத்தமாக வைப்பது அதுதான். செத்த மீன் மேல் அதைப் பார்த்துவிட்டு அதுவே கொன்றது என்று பழி போடுகிறார்கள். பாவம். நீங்கள் தேட வேண்டியது யூனிஸ் வகைப் புழு. பாபிட் வோர்ம் என்று வீடியோக்களில் பயமுறுத்துவார்களே, அந்தக் குடும்பம். தலையில் ஐந்து உணர்கொம்புகள் இருக்கும், பக்க முடிகள் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, வெளிச்சம் பட்டால் உடம்பு ஈரச் சாலையில் சிந்திய பெட்ரோல் மாதிரி பல நிறமாக மின்னும். ராத்திரியில் டொக் டொக் என்று சத்தம் கேட்டால் மேன்டிஸ் இறாலாக இருக்கலாம், அதற்கு வேறு வைத்தியம்.

"எல்லா யூனிஸும் மீன் தின்னாது, பாசி தின்பதும் உண்டு" என்று கீழே யாராவது வந்து எழுதுவார்கள். தெரியும் ஐயா. என்னுடையது தின்றது, அதை என் கண்ணால் பார்த்தேன்.

என் வீட்டில் முதலில் ஃபயர்ஃபிஷ் போனது. பிறகு நத்தைகள், வெறும் ஓடுதான் மிச்சம். கோமாளி மீன் ஜோடியில் ஒன்று காணாமல் போனபோதுதான் விழித்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளுங்கள். சிவப்பு வெளிச்சம் இந்த மாதிரி உயிரினங்களுக்குச் சரியாகத் தெரியாது, வெள்ளை வெளிச்சம் பட்டால் நொடியில் உள்ளே போய்விடும். விளக்கணைந்து வீடே தூங்கிய பிறகு இடது மூலைப் பெரிய கல்லிலிருந்து மெதுவாகத் தலை வந்தது. மணல் மேல் தூங்கிக்கொண்டிருந்த கோபி மீன் ஒன்று. அடுத்த கணம் இரண்டும் இல்லை.

கிடுக்கியால் பிடித்து இழுத்துவிடலாம் என்று உங்களுக்கும் கை துறுதுறுக்கும். என் மனைவியின் சித்தப்பா பெடோக் ஜெட்டியில் வருஷக்கணக்காகத் தூண்டில் போட்டவர், கடல்புழுவை இரைக்காகக் கையாண்ட கை அவருடையது. விஷயத்தைச் சொன்னதும், "இழுக்காதீங்க மாப்பிள்ளை, பாதி கையில வரும், பாதி உள்ளே நிக்கும்" என்றார். உண்மைதான். பக்க முடிகளைத் துளையின் சுவரில் ஊன்றிக்கொண்டு நிற்கும். தலைப்பகுதி உள்ளே தங்கிவிட்டால் போன உடம்பை மறுபடி வளர்த்துக்கொள்ளும். பொறி, தூண்டில் எல்லாம் பெரிய இடங்களிலேயே தோற்றிருக்கின்றன. 2009-இல் இங்கிலாந்தின் நியூகீ நகர மீன்காட்சியகத்தில் இப்படி ஒரு புழு பொறிகளையெல்லாம் நாசம் செய்துவிட்டு, கடைசியில் பாறைகளைக் கலைத்த பிறகுதான் சிக்கியது, 4 அடி நீளத்தில். அதே ஆண்டு ஜப்பானில் ஒரு மிதவைக்குள் கிடைத்தது 299 செ.மீ. நம்முடையது அவ்வளவு இருக்காது, பயப்படாதீர்கள்.

நான் செய்தது இதுதான். அதே துளை வாசலில் ராத்திரி ராத்திரி நீளக் கிடுக்கியால் ஒரு துண்டு இறால் வைத்தேன். வயிறு நிறைந்தால் மீன்மேல் போகாது, இடமும் மாறாது. பக்கத்துக் கற்களை இரண்டு விரல் அளவு தள்ளிவைத்தேன், கல்லுக்குக் கல் உள்ளேயே பாதை போட்டிருந்தால் தெரிய வேண்டுமே. அப்போதும் அதே துளையில்தான் தலை காட்டியது.

நடுவில் டிசம்பர் பள்ளி விடுமுறை வந்து தொலைத்தது. எங்கள் புளோக்கில் பாதிப்பேர் ஊருக்குப் போகிறார்கள், அத்தனை பேருக்கும் என் ஞாபகம். "உங்க வீட்டிலதான் தொட்டி இருக்கே" என்று பீட்டா மீன் ஜாடி, தங்கமீன் கிண்ணம், ஒருவர் ஆமை. நன்னீர் மீனுக்கும் கடல் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று யார் யோசிக்கிறார்கள்? திரும்பி வந்து "ஏன் மெலிஞ்சுபோச்சு?" என்ற கேள்வி மட்டும் தவறாமல் வரும், ஒரு பாக்கெட் அல்வா வராது. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை, மன்னிக்கவும்.

சரி, பிடித்த கதை. பகலில் செய்யுங்கள், அப்போது முழு உடம்பும் உள்ளே இருக்கும். தடித்த ரப்பர் கையுறை கட்டாயம், தாடை கடிக்கும். பம்புகளை நிறுத்தி, கல்லுக்கு அடியில் வலை பிடித்தபடி தூக்கிக் காலி வாளியில் வைத்தேன். அப்புறம் சுவையோ இனிப்போ சேராத வெறும் சோடாவை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, துளைகளுக்குள் மெதுவாக விட்டேன். அதிலிருக்கும் கரியமில வாயு தண்ணீரை அமிலமாக்கும், உள்ளே இருக்கும் புழுவால் தாங்க முடியாது. பவளத்தின் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தொட்டிக்குள் இதைச் செய்யவே செய்யாதீர்கள். கொஞ்ச நேரத்தில் ஒன்றரை முழத்துக்கு வந்து வாளியில் விழுந்தது. கூடவே நாலைந்து நல்ல பிரிசல் புழுக்களும் ஒரு குட்டி நண்டும். அவற்றை உடனே தொட்டித் தண்ணீரில் அலசி உள்ளே விட்டேன். கல்லையும் அப்படியே அலசித் திரும்ப வைத்தாகிவிட்டது. உயிருள்ள கல்லில், அதாவது சிற்றுயிர்கள் குடியிருக்க அப்படியே கடலிலிருந்து எடுத்து விற்கும் பாறையில், ஒட்டிக்கொண்டு வந்ததுதான் இது. வாங்கிய கடையில் சொன்னால், "நேச்சுரல் லா" என்று ஒரு சிரிப்பு.

பிடித்ததை என்ன செய்வது? ஃப்ரீசரில் வைத்துக் கொன்றுவிடு என்றார்கள். "வஞ்சிரம் இருக்கிற ஃப்ரீசர் பக்கம் போனீங்கன்னா பாருங்க" என்றாள் என் மனைவி. நல்லவேளை, ஆசைப்பட்டு வளர்க்கக் கேட்ட நண்பர் ஒருவர் இருந்தார். மீனே இல்லாத தனித்தொட்டியில் பிவிசி குழாய்க்குள் இறால் தின்றுகொண்டிருக்கிறது. கடலில் மட்டும் விடாதீர்கள். நம் தென்தீவுப் பாறைகளிலும் பெரிய யூனிஸ் புழு உண்டுதான், அதற்காக எங்கோ வேறு கடலிலிருந்து கல்லோடு வந்ததை இங்கே கொட்டக் கூடாது.

ஒன்று பிடிபட்டதும் உடனே புது மீன் வாங்க ஓடாதீர்கள். சிவப்பு டார்ச்சோடு சில வாரம் இன்னும் உட்காருங்கள், அதே கல்லில் இரண்டாவது இருந்தாலும் இருக்கும். துளை எந்தக் கல்லில் என்று தெரிந்ததும் படம் போடுங்கள், கல்லைத் தூக்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.