சுவைபார்த்து வாங்கும் சிறப்பு உணவுக்கடை உங்கள் பக்கம் உண்டா?

வெளிநாடுகளில் தெருமுனையிலேயே சீஸுக்கென்று தனிக்கடை இருக்கிறது, கடைக்காரர் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து விவரம் சொல்கிறார், நம் பக்கம் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ராமநாதபுரத்திலிருந்து தெற்கே சுமார் 17 கிலோமீட்டரில் இருக்கும் கீழக்கரை என் ஊர். அங்கே தொதல் என்ற இனிப்பு விற்கும் கடைக்கு வாருங்கள்.

அல்வா மாதிரி இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அல்வாவுக்குக் கோதுமைப் பாலும் நெய்யும். தொதலுக்குத் தேங்காய்ப்பால், அரிசி மாவு, கருப்பட்டி அல்லது சீனி. சிலர் ஜவ்வரிசியும் முந்திரியும் சேர்ப்பார்கள். மூன்று நான்கு மணி நேரம் கை ஓயாமல் கிண்ட வேண்டும். தேங்காய்ப்பால் வற்றி வற்றி, கடைசியில் தானாகவே எண்ணெய் கக்கும். அதுதான் பதம். இலங்கையில் களு தொதல், மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொடோல், கோவாவில் கிறிஸ்துமஸுக்குச் செய்கிற தோதோல், எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். எங்கள் ஊர்க் கப்பல் வியாபாரிகள் போய்வந்த கரைகளில் பாதியை இந்த ஒரு பலகாரத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நான் சின்ன வயதிலிருந்து போகும் கடை பழைய தெரு ஒன்றில், இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும் அளவில் இருக்கிறது. கடைக்காரரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். தட்டில் கொட்டி ஆறவைத்த கருப்பட்டித் தொதலில் ஓர் ஓரம் வெட்டி, "தின்னு பாருங்க, அப்புறம் வாங்குங்க தம்பி" என்று புது ஆளுக்கும் நீட்டுவார். கூச்சப்படாமல் வாங்கித் தின்னுங்கள்.

வாயில் போட்டதும் கரையக் கூடாது, பல்லிலும் அப்பக் கூடாது. முதலில் தேங்காய், கொஞ்சம் பொறுத்துக் கருப்பட்டியின் புகை வாசம், இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வர வேண்டும். விரலில் எண்ணெய் மினுங்கலாம், மாவு ஒட்டினால் கிண்டியது போதவில்லை. மாவு வாடை அடித்தாலும் அப்படியே. காறல் வாடை அடித்தால் அது பழையது, வேண்டாம். "எப்போ கிண்டினது?" என்று கட்டாயம் கேளுங்கள். நல்ல கடைக்காரர் நாளைச் சொல்வார், எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். இந்தக் கேள்விக்கு மழுப்பினால் நான் வாங்க மாட்டேன்.

ஒருமுறை சென்னை விடுதிக்குப் போகும் அவசரத்தில், சூடு ஆறாத தொதலை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி எடுத்துப் போனேன். உள்ளே வேர்த்து, மூன்றாம் நாள் மேலெல்லாம் பூஞ்சை. உம்மா, அதாவது என் அம்மா, நாலு மணி நேரம் நின்று கிண்டியது. இன்று நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. அதனால் நன்றாக ஆறியதைத்தான் கட்டச் சொல்லுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லாகிவிடும். அப்படி ஆனாலும் கெட்டுப்போனதாக நினைக்காதீர்கள், இட்லிச் சட்டியில் கொஞ்சம் ஆவி காட்டினால் இளகும்.

சீஸ் கேட்டீர்கள் அல்லவா, அந்த மாதிரி நாள்பட்ட, உப்பும் காரசாரமான மணமும் உள்ள பொருள் வேண்டுமென்றால் மாசி கேளுங்கள். சூரை மீனை அவித்து, புகையில் போட்டு, வெயிலில் விறகுக்கட்டை மாதிரி காயவைத்தது. மாலத்தீவில் பெயர்பெற்ற பண்டம். கட்டையாக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வதே நல்லது, பொடியாக விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ப்பூ, வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம், எலுமிச்சை சேர்த்து மாசிச் சம்பல் செய்தால் வெறும் சோற்றுக்கு வேறெதுவும் தேவைப்படாது. அந்த மிளகாய் எங்கள் மாவட்டத்துக் குண்டு மிளகாயாக இருந்தால் இன்னும் நல்லது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் இதற்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

கருப்பட்டி வாங்குவதென்றால் ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனி போல மினுமினுத்தால் எனக்குச் சந்தேகம் வரும். எங்கள் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கத்துச் சரக்கு இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ தொழுகை நேரத்தில் வராதீர்கள், கடை சாத்தியிருக்கும். மற்ற நாட்களில் சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து வந்தால் காக்காவும் ஓய்வாக இருப்பார், பேச நேரம் கிடைக்கும். முதல்முறைக்குக் கால் கிலோ கருப்பட்டித் தொதல், கால் கிலோ சீனித் தொதல் போதும்.