ஹம்ஸா ஆண்டு 2 என்பது ஹிஜ்ரி 409-ஆ, 410-ஆ?

துரூஸ் என்ற சமயத்தாரின் புனித நூலான நிருபங்களில் (கடிதங்களில்) வரும் 'ஹம்ஸாவின் 2-ஆம் ஆண்டை' 407 கூட்டி ஹிஜ்ரி 409 என்று எடுத்திருக்கிறீர்கள். அங்கேதான் கணக்கு இடறுகிறது.

ஹம்ஸா இப்னு அலி இச்சமயத்துக்கான அழைப்பை (பிரச்சாரத்தை) அறிவித்த ஹிஜ்ரி 408 (கி.பி. 1017) முதலாம் ஆண்டு. அழைப்பு நிறுத்தப்பட்ட 409 எண்ணிக்கையில் சேராது. 410 இரண்டாவது, 411 மூன்றாவது. ஆகவே 2 முதல் 408-ஐக் கூட்டுங்கள். சரிபார்க்க எளிய வழி: ஃபாத்திமிய கலீஃபா அல்-ஹாக்கிம் கெய்ரோ அருகே முகத்தம் குன்றுப் பக்கம் இரவுச் சவாரி போய்க் காணாமல்போனது 411 ஷவ்வால், அதாவது 1021 பிப்ரவரி. அது மூன்றாம் ஆண்டில் விழ வேண்டும்.

இன்னொன்றையும் தயவுசெய்து திருத்துங்கள்: தொடக்ககாலப் பிரச்சாரகர் தரஸியை இச்சமயத்தின் நிறுவனர் என்று எழுதாதீர்கள். 'துரூஸ்' என்ற பெயர் அவரிடமிருந்து வந்தாலும், துரூஸ் மக்களுக்கு அவர் வழிதவறியவர். தங்களை அவர்கள் 'முவஹ்ஹிதூன்' (இறைவன் ஒருவனே என்போர்) என்றே சொல்கிறார்கள்.